எத்தனை பேப்பர் போட்டீங்க?

ஆராய்ச்சியைக் கொண்டாடும் விழா எந்த வளாகத்தில் நடந்தாலும் வாசலில் ஃப்ளெக்ஸ் இருக்கும். துணைவேந்தர் ஆளுயரத்துக்கு, பதிவாளர் இடுப்பு வரைக்கும், டீன்கள் எல்லாரும் தபால்தலை அளவுக்கு. ஆராய்ச்சி செய்த பிள்ளையின் முகம் மட்டும் அதில் இருக்காது. ஏணி போட்டு அந்த ஃப்ளெக்ஸை மரத்தில் கட்டியதே அந்தப் பிள்ளைதான்.

எங்கள் புதுச்சேரிப் பக்கம் ஈசிஆர் ஓரம் என்பதால் இன்னொரு கூத்தும் உண்டு. கடல்காற்றில் குத்துவிளக்குத் திரி நிற்காது. சிறப்பு விருந்தினர் ஒரு முகத்தை ஏற்றினால் இன்னொன்று அணையும். பக்கத்தில் பிஎச்.டி. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி சான்றிதழ் அட்டையை விரித்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டி நிற்பாள். நான்கு வருஷத்தில் அவள் மேடைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வரவேற்புரை. இந்த ஆண்டு இத்தனை நூறு கட்டுரை, இத்தனை பேட்டன்ட், இத்தனை கோடிக்குப் புராஜெக்ட். நெல்மண்டியில் மூட்டை எண்ணுகிற குரலில் வாசிப்பார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அந்த அரங்கில் கேட்பது அநாகரிகம். எத்தனை போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. தேசிய தரவரிசையில் நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்குத்தான் என்று எழுதிவைத்த பிறகு, யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்? எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

பிறகு 'உலகின் முதல் 2 விழுக்காடு விஞ்ஞானி'களுக்குப் பொன்னாடை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஒருவர் குழு சேர்த்து, மேற்கோள் கணக்கை வைத்து ஆண்டுதோறும் வெளியிடுகிற பட்டியல் அது. அதில் நியாயமாக இடம்பிடித்தவர்கள் உண்டு, அவர்களுக்குக் கும்பிடு. ஆனால் மேற்கோள் என்பது என்ன சரக்கு என்று 2024-ல் இரண்டு பேர் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவருடைய பாட்டி வீட்டுப் பூனை லாரியின் பெயரில் 12 கட்டுரையை ஜோடித்து இணையத்தில் ஏற்றினார்கள். கூகுள் ஸ்காலர் அந்தப் பூனைக்கு 132 மேற்கோள் கொடுத்தது. எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியில், மீன் ஏலத்தில் சங்கரா மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் பூனைகளுக்கு இந்தச் சேதி எட்டவில்லை. எட்டியிருந்தால் இந்நேரம் அசோசியேட் புரொபசர் ஆகியிருக்கும்.

பூனையை விடுங்கள். 2015-ல் இதே ஈசிஆரில் பாண்டிச்சேரி பல்கலைக்கழக மாணவர்கள் எதற்காகப் போராடினார்கள்? அன்றைய துணைவேந்தர் மீதே கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு எழுந்தது. பயோடேட்டாவில் எழுதியிருந்ததெல்லாம் உண்மைதானா என்றும் கேள்வி வந்தது. அதற்குப் பிறகு 2018-ல் கருத்துத் திருட்டுக்கு எதிராக யுஜிசி விதி கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் மாணவனுடைய பதிவே ரத்து. அன்று வாசலில் உட்கார்ந்து கத்தியவன் மாணவன். சாஃப்ட்வேரில் போட்டுச் சலிக்கப்படுகிறவனும் அவனேதான்.

அந்த மாணவனுக்கு என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை கிடைக்காத பிஎச்.டி. ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேலாக அந்த எண் நகரவில்லை. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யுஜிசி வாசலில் பிள்ளைகள் படுத்து அடிவாங்கித்தான் அந்த எட்டாயிரம் மிஞ்சியது. அதற்குள்தான் மெஸ் பில், பஸ், பைண்டிங், கைடு வீட்டு விசேஷத்துக்கு மொய், வைவா அன்று எல்லாருக்கும் சாப்பாடு. போதாததற்கு, காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் பத்திரிகைக்குக் கட்டணம். மேடையில் எண்ணிய அந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எத்தனை அப்படி வந்தவை என்று கேட்டால் விழாக் குழுவுக்குக் காது கேட்காது.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன்? விழா மைக் சத்தம் எங்கள் ஊர் வரை கேட்கிறது, அதனால்தான். புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகவரியே 'கிழக்குக் கடற்கரைச் சாலை, பிள்ளைச்சாவடி'. 2020 வரை அது பொறியியல் கல்லூரி. கொஞ்சம் வடக்கே போனால் காலாப்பட்டில் 1985-ல் சட்டம் போட்டுத் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கிழக்கே கடல். அந்தக் கடல்தான் எங்கள் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது.

கதை சிக்கலானதில்லை, மீன் விற்கும் ஆயாவும் சொல்லிவிடும். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அந்த இரண்டு கல்வி நிலையங்களும் எழுந்த அதே 1980களில்தான் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகமும் கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய கற்சுவரில் மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே வர வேண்டியது வரவில்லை. நகரத்தின் கடற்கரை போனதும் கல் கொட்டினார்கள். கொட்டிய இடம் தப்பியது, அதற்கு வடக்கே இருந்தது போனது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் எனத் தொடங்கி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வழியாகக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலில் பிள்ளைச்சாவடி வீடுகள் இடிந்து விழுந்தன. சனங்கள் ஈசிஆரில் மறியலுக்கு உட்கார்ந்தார்கள்.

இப்படி ஆகும் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லையா? சொன்னது. துறைமுகம் கட்டினால் மணல் தேங்கும் என்று அப்போதே தெரியும். அதனால்தான் தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கே தள்ளுகிற ஏற்பாடும் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. திட்டம் காகிதத்தில் இருந்தது, கட்டுமானமும் நின்றது. மணலைத் தள்ளுகிற வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. ஆராய்ச்சி இல்லாததால் எங்கள் வீடு விழவில்லை ஐயா, செய்த ஆராய்ச்சியைப் பரண்மேல் போட்டதால் விழுந்தது. அந்தப் பரணுக்குக் கீழேதான் நீங்கள் பொன்னாடை போர்த்திக்கொள்கிறீர்கள்.

தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் சென்னையிலிருந்து வந்து, கடலுக்குள் மூழ்கு திட்டு ஒன்றைக் கட்டியது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பவும் வந்தது. சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கிறார்கள். நல்லது. ஆராய்ச்சி வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சி, யார் வீட்டு வாசலில் வேலை செய்யும் என்பதற்கும் அதுவே சாட்சி.

பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் கடலோரப் பேரிடர் மேலாண்மைக்கென்றே ஒரு துறை உண்டு. எங்கே? வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமானில். 2004 சுனாமியில் அடிபட்ட மண் அது, அங்கே துறை வேண்டியதுதான். காலாப்பட்டுக்கு எதிரே இருப்பதும் கடல்தான் என்று யாராவது அகாடமிக் கவுன்சிலில் நினைவூட்டியிருக்கலாம்.

கரையில் மழையிலும் வெயிலிலும் அளவுகோலை நட்டு மணல்மட்டம் குறிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "எதுக்குத் தம்பி அளக்குற?" என்று கேட்டால், "இங்க எவ்ளோ போச்சுன்னு பாக்கறேன் அக்கா" என்பார்கள். உண்மையான ஆராய்ச்சி அதுதான். அது ஆங்கிலத்தில் ஆய்வேடாகி, பைண்டிங் ஆகி, சோத்கங்கா இணையதளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அளந்த மணலின் கணக்கை அந்த மணல்மேல் குடியிருப்பவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் எந்தத் தரவரிசையிலும் ஒரு புள்ளி ஏறாது. ஊர்க்காரர்கள் மேற்கோள் காட்ட மாட்டார்களே.

அடுத்த விழாவுக்குச் சினிமாக்காரரையோ சாமியாரையோ கூப்பிடாதீர்கள். துறைமுகத் துறை அதிகாரியையும் பொதுப்பணித் துறைப் பொறியாளரையும் மேடையில் உட்கார வையுங்கள். அந்தப் பழைய திட்டக் காகிதத்தைக் கையில் கொடுத்து, மணலை ஏன் தள்ளவில்லை என்று மைக்கில் கேளுங்கள். பக்கத்தில், விளக்குக்குக் காற்று மறைத்து நின்ற அந்த நான்காம் ஆண்டு மாணவியையும் உட்கார வையுங்கள், கரையில் அளந்த மணலின் கணக்கு அவளிடம் இருக்கிறது.

கேட்க மாட்டீர்கள். கேட்டால் மானியம் நிற்கும், பதவி நீட்டிப்புக் கோப்பு நகராது, அடுத்த தேர்வுக் குழுவில் பெயர் அடிபடும். அந்தப் பயத்துக்கு எத்தனை ஸ்கோபஸ் பாயின்ட் என்று மட்டும் விழா மலரில் அச்சடித்துவிடுங்கள்.