நேர்த்தி இல்லாத நடை

வெள்ளவத்தை மரைன் டிரைவ், பின்னேரம். சிவபாதம் ஓய்வுபெற்ற கணக்காளர், ஊர் வல்வெட்டித்துறை. வைத்தியர் சொன்னதற்காகத் தினமும் நடப்பார். திரும்பி வர ஓட்டோ பிடிப்பார். சவரிமுத்து துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார்.

சவரிமுத்து: அண்ணே, ஆடிவேல் வருது. காட்டுப் பாதை திறந்ததும் உகந்தைல இருந்து கதிர்காமத்துக்கு நடக்கப் போறேன்.

சிவபாதம்: நீர் வேதக்காரன். உமக்கேன் காணும் கதிர்காமம்?

சவரிமுத்து: நடக்கிறவங்ககிட்ட ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க.

சிவபாதம்: சரி, என்ன நேர்த்தி? மகளின்ர கலியாணமோ, உம்மட சலரோகமோ?

சவரிமுத்து: நேர்த்தி ஒன்னும் இல்ல. கும்புக்கன் ஆத்த கால்நடையா கடக்கணும். குமண, யால காட்ட நடந்து பாக்கணும். அவ்வளவுதான்.

சிவபாதம்: நேர்த்தி இல்லாமலோ? விசரே உமக்கு! யானை, கரடி, சிறுத்தை... தண்ணியும் இல்லாத காலம்!

சவரிமுத்து: உங்க அம்மா அந்தக் காலத்துல செல்வச்சந்நிதில இருந்தே நடந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் தாண்டி, வெறுங்கால்ல. அப்ப யானை இல்லயா?

சிவபாதம்: அம்மா நேர்த்தி வைச்சுப் போனவ. அப்பிடியான ஆக்களை யானை தொடாது.

சவரிமுத்து: யானை எப்படிண்ணே பிரிச்சுப் பாக்கும்?

சிவபாதம்: அதுக்குத் தெரியும்.

சவரிமுத்து: வல்வெட்டித்துறைக்காரர் பயப்படலாமா? உங்க ஊர் ஆளுங்க அமெரிக்காவுக்கே பாய்க்கப்பல் ஓட்டினவங்களாச்சே.

சிவபாதம் (நெஞ்சு நிமிருகிறது): அன்னபூரணி! ரொபின்சன் எண்ட வெள்ளைக்காரன் வாங்கிப் பேரை மாத்தினவன். ஆனா ஓட்டிக்கொண்டு போனது எங்கட ஆக்கள். 1938 ஓகஸ்டில மாசச்சூசெற்ஸ் குளொஸ்டர் துறைமுகத்தில போய் நிண்டது. பிறகு ஆழிக்குமரன் ஆனந்தன்! 1971இல தலைமன்னாரில இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, திரும்பியும் நீந்தி வந்தவர். 51 மணித்தியாலம், ஐசே!

சவரிமுத்து: அன்னைக்கு அவர் உங்ககிட்ட யோசனை கேட்டிருந்தா?

சிவபாதம்: தலைமன்னாரில கப்பல் ஓடேக்கை ஏன் நீந்துறீர் எண்டு கேட்டிருப்பன். 1980இல இதே கொழும்பில, விகாரமாதேவிப் பூங்காவில, 33 மணித்தியாலம் ஒற்றைக் காலில நிண்டவர். நான் போய்ப் பார்த்தனான்.

சவரிமுத்து: நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்க?

சிவபாதம்: அரை மணித்தியாலம். கால் உளைஞ்சுது, வந்திட்டன். ஆனா பாரும், 1984இல ஆங்கிலக் கால்வாயில அந்த மனுசன் போயிட்டார். அதைத்தான் சொல்லுறன்.

சவரிமுத்து: அந்த வருஷம் வீட்டுல இருந்தவங்க எல்லாரும் இன்னும் இருக்காங்களாண்ணே?

(சிவபாதம் கடலைப் பார்க்கிறார். அவருக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு ரயில் பாதைதான். அதைத் தாண்டிப்போய் அவர் கால் நனைத்ததாக வெள்ளவத்தையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

சிவபாதம்: எங்களுக்குத் துணிவு இல்லையெண்டு நினையாதேயும். என்ர தம்பி 1985இல ஏரோஃபுளொட்டில ஏறி, கிழக்கு பேர்ளினில இறங்கி, ரயிலில மேற்குக்குப் போனவன். கையில ஒரு பேக். பாஷையும் தெரியாது, போய்ச் சேருற இடமும் தெரியாது.

சவரிமுத்து: அதுதாண்ணே பயணம்!

சிவபாதம்: அது பயணமோ? அது வெளிநாடு போனது. பயணம் எண்டா பொழுதுபோக்கு. காசு கரியாக்கிற வேலை.

சவரிமுத்து: அப்ப ஜயந்தி குரு-உதும்பால? 2016ல எவரெஸ்ட் ஏறின மொத இலங்கையர் அவங்கதானே. அதுல பொழுதுபோக்கு என்ன இருக்கு?

சிவபாதம்: ஏறி என்ன? இறங்கத்தானே வேணும்.

சவரிமுத்து: சம்பளம் கெடைக்கும்னா போகலாம். உயிர் தப்பணும்னா போகலாம். சாமி கூப்பிட்டா போகலாம். ஆசைன்னு ஒன்னைச் சொல்லிட்டு மட்டும் வீட்டு வாசப்படிய தாண்டக்கூடாது. அப்படித்தானே?

சிவபாதம்: நீர் பெரிய வீரன்தான். வருசா வருசம் இதைத்தானே சொல்லுறீர்? உகந்தைக்கு பஸ் ஏறினதை நான் காணேல்லை.

சவரிமுத்து (குரலைத் தாழ்த்தி): யானைக்குப் பயமில்லண்ணே. "ஏன் போறீங்க"ன்னு பொஞ்சாதி கேப்பா, மக கேப்பா, சாந்த லூசியா கோயில் வாசல்ல நிக்கிறவங்க எல்லாம் கேப்பாங்க. சும்மா நடக்கப் போறேன்னு சொல்ல வாய் வரல. அதனால இந்த தடவை வீட்டுல ஒரு பொய் சொல்லிட்டேன்.

சிவபாதம்: என்ன பொய்?

சவரிமுத்து: மகளோட கனடா விசாவுக்கு நேர்த்தின்னு.

சிவபாதம்: அட! இதை முதலே சொல்லியிருக்கலாமே, ஐசே! விசாவுக்கு எண்டா கட்டாயம் போகத்தான் வேணும். சித்தாலேப ஒரு போத்தல் கொண்டு போம், சமஹன் பக்கற்றும் வையும். எப்ப வெளிக்கிடுறீர்?

சவரிமுத்து: யானை?

சிவபாதம்: அது ஒண்டும் செய்யாது. ஆத்தைக் கடக்கேக்கை ஒரு படம் எடுத்து அனுப்பும். "நாங்கள் கதிர்காமம் நடந்தபோது" எண்டு ரொறன்ரோ குறூப்பில போட வேணும்.

சவரிமுத்து: நாங்களா?

சிவபாதம்: பின்ன? உமக்குத் தைரியம் சொல்லி அனுப்பினது ஆர்? (கையைத் தூக்கி) ஓட்டோ!