நாய்க்குட்டி வைத்திய நிதி இயல்

1. முகப்பு

விலங்குகளின் வைத்தியச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு நம் பக்கத்து நாடுகளைப் பெயர் சொல்லிக் கிடைத்திருக்கும் பழைய விடை அசோகனுடையது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அவனுடைய இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, தன் ஆட்சிப் பரப்பிலும், அதற்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும், மனிதருக்கும் விலங்குக்கும் தனித்தனியே வைத்திய ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு அதைக் கொண்டுபோய் நடச் செய்ததையும் சேர்த்துக் கூறுகிறது. இந்த இரண்டாவது செய்தியே நமக்கு முக்கியம். மருந்துச் செடி வளர நாளாகும். ஆகவே நோய் வருவதற்கு முன்பே அது ஊரில் வேரூன்றியிருக்க வேண்டும்.

பாண்டியருக்கும் கேரளபுத்திரருக்கும் நடுவில் நின்ற அதே மலையில்தான் இன்றைய குமுளியும் போடிமெட்டும் மறையூரும் இருக்கின்றன. வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம். இந்த ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. சாலையோரத்தில் கிடக்கும் குட்டியை எடுத்துவந்து, அது நோயில் விழுந்ததும் போனில் படம் போட்டுப் பணம் கேட்பவர்கள் இங்கே உண்டு. அவர்களுடைய வேலையைத் தரும காரியம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. அதற்கு ஓர் இலக்கணம் வேண்டும். அதன் முதல் விதி: குட்டி படுத்த பிறகு திரட்டும் நிதி பெரும்பாலும் பிந்தியே வரும். நோய்க்கு முன்பே நிதி இருக்க வேண்டும்.

2. காலம்

நாய்க்குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களில் முதன்மையானது பார்வோ. உலகம் அதை அறிந்தது 1978இல்தான். இரண்டே ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிவிட்டது. கிருமி தொற்றி மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் குட்டி தீனியை விடும், வாந்தி எடுக்கும், ரத்தமாகக் கழியும். அதன் பிறகு கணக்கு மணிகளில் நடக்கிறது. வைத்தியமே இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது வரை சாகலாம். முறையான வைத்தியம் நேரத்தில் கிடைத்தால் பத்தில் எட்டு, ஒன்பது பிழைக்கின்றன. இந்த இரண்டு விகிதங்களுக்கும் நடுவில் நிற்பது அரிய மருந்து எதுவுமில்லை. டிரிப், வாந்தியை நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாட்டிக், உடம்புச் சூடு, இரவு கண்விழிக்க ஓர் ஆள், இவ்வளவுதான்.

அந்த நேரம் கைநழுவுவதைக் கண்ணால் பார்க்கலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெளுத்தபடியே நின்றால் உடம்பில் நீர் வற்றி ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது என்று பொருள். முதல் நாளில் முன்னங்காலை மழித்து ரப்பர் கட்டினால் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும், ஊசி ஒரே குத்தில் ஏறிவிடும். அடுத்த நாளில் அதே காலில் நரம்பே அகப்படாது. எலும்புக்குள் ஊசி செலுத்தி நீர் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குத் தேர்ந்த கை வேண்டும். மலையின் குளிரில் குட்டியின் உடம்பு சீக்கிரம் சில்லிட்டுவிடும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்காமல் மருந்தை மட்டும் ஏற்றிப் பயனில்லை.

பணம் வரும் வேகமோ வேறு. படம் எடுத்து, எழுதி, குழுக்களில் போட்டு, “உண்மையா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, ஐம்பதும் நூறுமாகச் சேர்வதற்குள் இரண்டு நாள் ஓடிவிடும். குட்டிக்கு இருப்பதும் அந்த இரண்டு நாள்தான்.

3. முன்னுதாரணம்

முன்கூட்டித் திரட்டிய நிதி என்ன செய்யும் என்பதற்குச் சான்று பிரிட்டனில் இருக்கிறது. டிஸ்டெம்பர் நோயால் நாய்கள் சாவதைப் பொறுக்காமல் 1923இல் ‘தி ஃபீல்டு’ என்ற பத்திரிகை பொதுமக்களிடம் நிதி கேட்டது. எந்த ஒரு நாயின் படுக்கைச் செலவுக்காகவும் கேட்கவில்லை, நோயையே ஆராயக் கேட்டது. அந்தப் பணத்தில் லெய்ட்லா, டங்கின் என்ற ஆராய்ச்சியாளர்கள் மில் ஹில்லில் வேலை செய்து 1928 வாக்கில் தடுப்பூசியைக் கொண்டுவந்தார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ஃபெரட் என்ற கீரிபோன்ற பிராணியைக் கையாளப் பழகியிருந்ததால், 1933இல் மனிதரின் இன்ஃபுளுயன்சா வைரஸைப் பிரித்தெடுக்கவும் அதுவே உதவியது. நாய்களுக்கென்று கொடுத்த காசு மனித குலத்தின் காய்ச்சல் மருத்துவத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

4. நிதியின் வடிவம்

எல்லையூர்களுக்கு இதற்கான அச்சு ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கேரளத்தில் 1998 முதல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்கள் வாரந்தோறும் கூடிச் சிறு தொகை சேமிக்கின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் சுய உதவிக் குழுக்கள் உண்டு, தெருவுக்கொரு சீட்டு உண்டு. குட்டிகளுக்கான நிதியும் அப்படியே மாதச் சந்தாவாக நடக்க வேண்டும்.

சேர்ந்ததை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் பங்கு தடுப்பூசிக்கு: ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியை முறித்துவிடக் கூடும் என்பதால் ஒரு ஊசியோடு நிறுத்தினால் போட்ட பணமும் வீண். இரண்டாம் பங்கு வைத்தியத்துக்கும் வண்டிக்கும். பாலக்காட்டுக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, மறையூர்க்காரர்களுக்குச் சின்னாறு காட்டு வழியே உடுமலைக் கல்லூரி, குமுளிக்காரர்களுக்குத் தேனிக் கல்லூரி. பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும் ஊரைவிட்டு வண்டி பிடித்தாக வேண்டும். வண்டிக்காசு இல்லாமல் வைத்தியக் காசு மட்டும் இருந்து பயனில்லை. மூன்றாம் பங்கு துப்புரவுக்கும் எடுப்பவரின் பாதுகாப்புக்கும். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து தரையைக் கழுவாவிட்டால் அடுத்த குட்டியும் அதே மூலையில் சாகும். குட்டி எடுப்பவர் தமக்கு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்வதும் இந்தப் பங்கிலேயே அடங்கும்.

5. தடையும் விடையும்

தடை ஒன்று: “மனுஷனுக்கே இல்லாதப்போ நாய்க்கா?” இதற்கு மூணாறு பக்கமே விடை சொல்லியிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டார்கள். தேடலின்போது ஆற்றோரம் நின்று குரைத்து, தன் வீட்டுக் குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்தது குவி என்ற நாட்டு நாய். செங்கம் பக்கத்து எடுத்தனூரில், எருமைகளைக் காத்து மாண்ட வீரனுடைய நடுகல்லில், கள்ளனைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயையும் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். அது 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். நம்மவர்கள் நாயை வீட்டுக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள்.

தடை இரண்டு: “தெருநாய் கடிக்குது, அதைப் போய் வளர்க்கலாமா?” இந்த அச்சம் நியாயமானது. கேரளத்தில் கடிபட்டவர்களுக்கு இழப்பீடு பரிந்துரைக்க உச்ச நீதிமன்றம் 2016இல் நீதிபதி சிரிஜகன் குழுவை அமைக்கும் அளவுக்குத் துன்பம் இருந்தது. ஆனால் ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் ரேபிஸின் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குட்டி பிழைத்ததும் மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி, பருவத்தில் கருத்தடை, பிறகு ஒரு வீடு என்று முடிவு வரை போகும் நிதி ஊரையும் காக்கும். குணமானதும் தெருவில் இறக்கிவிடும் நிதியால் வேலை பாதியில் நின்றுவிடும்.

6. கேட்பதும் கணக்கும்

கேட்பவர் முதலில் டாக்டரின் சீட்டையும் ஆஸ்பத்திரி பில்லையும் காட்ட வேண்டும், பிறகு படத்தை. முடிந்தால் பணத்தை நேரே ஆஸ்பத்திரிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லலாம். பதிவான அறக்கட்டளை என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கு வருமான வரிச் சலுகை இல்லை என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அறக்கட்டளைக்கு அனுப்புவது வரும். இதை அறியாமல் பலர் மாட்டிக்கொள்ள நேரும்.

கடைசி விதி சாவைப் பற்றியது. எவ்வளவு செய்தாலும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அன்றைக்கே அதைச் சொல்லாமல் மேலும் இரண்டு நாள் வசூலை ஓடவிடுபவர், தமக்கு மட்டுமல்லாமல் அடுத்து கேட்கப்போகும் எல்லாருக்கும் கதவை அடைக்கிறார். குட்டி இறந்தால் மிச்சப் பணம் யாருடைய ஊசிக்குப் போகும் என்பதை முதல் வேண்டுகோளிலேயே எழுதிவிட வேண்டும். அப்படி எழுதியவரிடம் கொடுத்தவர்கள் திரும்பவும் கொடுப்பார்கள், அடுத்த முறை நோய் வரும்வரை காத்திராமலே கொடுப்பார்கள்.