ரௌட்டர் மாமா

லோதி ரோடு வட்டாரத்தில் காலை நடைக்கு வரும் தமிழ்ப் பெரியவர்களை, அவர்கள் எந்த அமைச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்பதைக் கொண்டு வகைப்படுத்துவதுதான் நெடுங்கால சம்பிரதாயம். நிதித் துறை என்றால் ஒரு நடை, உள்துறை என்றால் வேறு நடை. சமீப காலமாக இந்தப் பாகுபாட்டுக்குள் அடங்காத ஒரு புதிய பிரகிருதி லோதி தோட்டத்துக் கும்மட்டங்களின் நிழலில் தென்படத் தொடங்கியிருக்கிறது. ஆள் வேறு வேறானாலும் ஸ்வபாவம் ஒன்றேயாகையால், ரௌட்டர் மாமா என்று பொதுப் பெயர் சூட்டி, ஒருவரைச் சொன்னால் எல்லோரையும் சொன்னதாகக் கொள்ளலாம்.

மாமா வசிப்பது, மகனுக்கு ஒதுக்கப்பட்ட லோதி காலனி குவார்ட்டர்ஸில். வெள்ளைக்காரன் புது டில்லியில் கடைசியாகக் கட்டிய குடியிருப்பு என்ற கீர்த்தி, 1940களில் எழுந்த அந்த வளைவு வாசல் வீடுகளுக்கு உண்டு. சுவர்கள் கனமானவை, 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சஞ்சரிக்கும் 5ஜி அலை அவற்றின் முன் பாதி உயிரை விட்டுவிடும். கண்ணாடி இழைக் கம்பி இழுக்கலாமென்றாலோ, அரசாங்கச் சுவரில் துளை போடுவதற்கு யாரிடம் அனுமதி பெறுவது என்ற பிரச்னை எழுந்து, சி.பி.டபிள்யூ.டி. என்கொயரி ஆபீஸுக்கு மாமா எழுதிய கடிதம் எங்கேயோ ஒரு மேஜையில் நித்திரை செய்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பியில்லா வீட்டு இணையம் வந்து சேர்ந்தது. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டில்லியிலும் மும்பையிலும் தொடங்க, ஜியோ அவ்வருஷம் செப்டம்பர் 19 அன்று எட்டு நகரங்களில் தொடங்கியது. மாமா வீட்டு மொட்டைமாடியில் ஏறியது எந்தக் கம்பெனியின் பெட்டி என்பதை நான் சொல்வதற்கில்லை. அவரே அதைக் ‘கன்சர்ன்டு பார்ட்டி’ என்றுதான் குறிப்பிடுவார்.

மாடியில் ஒரு பெட்டி, அதிலிருந்து இறங்கும் ஒற்றை வயரின் முனையில் கூடத்தில் ஒரு பெட்டி. சாமானிய மனிதன் பெட்டிக்கடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டைக் கைபேசியில் போட்டுவிட்டு நாடகம் பார்க்கப் போய்விடுவான். மாமாவோ அன்றிரவே பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து, அதில் தமக்கு என்னென்ன அதிகாரங்கள் வழங்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தார். வைஃபையின் பெயரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், அத்துடன் சரி. இணையப் பெயர்களுக்கு விலாசம் தேடித் தருவது யார் என்று குறிக்கும் டி.என்.எஸ். என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கு இணங்கவில்லை. பொறுப்பையெல்லாம் சொந்த ரௌட்டரிடம் விட்டுவிட்டுப் பெட்டி வெறும் பாலமாக நிற்கும் பிரிட்ஜ் மோடு என்ற ஒன்று இருப்பதாகவே அந்தப் பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வேறொருவராயிருந்தால் எரிச்சல் பட்டிருப்பார். மாமாவின் முகத்தில், ஓய்வு பெற்ற நாளிலிருந்து அஸ்தமித்திருந்த ஒரு பிரகாசம் உதயமாயிற்று.

ஏனென்றால், தலைமைச் செயலகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபண்டமென்டல் ரூல்ஸோடு குடித்தனம் நடத்தியவருக்கு, தடை என்பது தடையல்ல. ‘நாட் பெர்மிஸிபிள்’ என்று முதல் பக்கத்தில் எழுதப்பட்ட விஷயத்தை, ஒரு விதியையும் மீறாமல், கையெழுத்திட்ட எவருக்கும் பழி வராமல், எட்டாம் பக்கத்தில் ‘மே பி கன்ஸிடர்டு’ என்று கொண்டுவந்து நிறுத்துவதே அவர் உத்தியோக வாழ்வின் சாரம். பூட்டை உடைக்கும் வாலிபர்களிடம் அவருக்கு மரியாதை கிடையாது. பெட்டி பெட்டியாகவே இருக்கட்டும். அதன் பின்னால் நேரு பிளேஸில் வாங்கிய சொந்த ரௌட்டர் ஒன்றைச் செருகி, வீட்டுச் சாதனங்கள் யாவும் இதனிடமே விண்ணப்பிக்கும்படி செய்துவிட்டால் டி.என்.எஸ்ஸும் தம் இஷ்டம், குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடும் தம் இஷ்டம். இரண்டுமே 192.168.1 என்ற வரிசையிலேயே விலாசம் வழங்கியதால் முதல் நாள் வீடு முழுவதும் ஸ்தம்பித்தது உண்மைதான். இரண்டாவதை 192.168.50க்கு மாற்றியதும் வழிக்கு வந்தது. இரட்டை விலாச மாற்றத்தால் பேரனின் விளையாட்டு அவ்வப்போது திணறுவதை மாமா ‘மைனர் அட்மினிஸ்ட்ரேடிவ் இன்கன்வீனியன்ஸ்’ என்று குறித்துக்கொண்டார்.

ஆனால் அவருடைய பூரண சாமர்த்தியம் வெளிப்பட்டது ஜாதக விவகாரத்தில். குடும்பத்தின் நான்கு தலைமுறை ஜாதகங்களையும் ஸ்கேன் செய்து ஒரு பழைய லாப்டாப்பில் ஏற்றி, மன்னார்குடியிலிருக்கும் தம்பி நினைத்த மாத்திரத்தில் பார்க்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. வெளியிலிருந்து வருகிறவனை அந்தப் பெட்டி உள்ளே விடாது. காரணம், பழைய ஐ.பி. விலாசங்கள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடிதான். ஆகவே ஒரே பொது விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள்.

“ஆர்.எஃப்.சி. 6598, டேட்டட் ஏப்ரல் 2012,” என்று மாமா நடைபாதையில் நின்றுவிட்டார். உத்தரவின் எண்ணும் தேதியும் சொல்லாமல் அவரால் எதையும் பேச முடியாது. “100.64லே ஆரம்பிச்சு நாப்பத்திரண்டு லட்சம் அட்ரெஸ் இதுக்குன்னே ஒதுக்கியிருக்கான். பிளாக் முழுக்க ஒரே கதவு நம்பர்னா, வர்றவன் யாராத்துக் கதவைத் தட்டுவான், சொல்லுங்கோ.”

“அப்போ என்ன பண்ணினேள்?”

“உள்ளே வரத்தான் ஓய் தடை. வெளியே போறதுக்குத் தடைன்னு எங்கேயாவது போட்டிருக்கா?”

அதாவது, பம்பாயில் மாத வாடகைக்கு ஒரு கணினியைப் பிடித்துவிட்டால், லாப்டாப்பே இங்கிருந்து அதைத் தேடிச் சென்று வயர்கார்டு என்ற சுரங்கப் பாதையைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்; தம்பி அங்கே வந்தால் அந்தப் பாதை வழியே லோதி காலனிக்கு எழுந்தருளலாம். சுரங்கம் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் பூர்த்தியாகி, தம்பிக்கு விவரம் தெரிவிக்கப்பட்டது.

“அண்ணா, ஒரிஜினல் எல்லாம் இங்கே என் பீரோவிலேதானே இருக்கு?” என்றார் தம்பி.

மாமா இதை ஓர் ஆட்சேபணையாகவே கருதவில்லை. மாமியோ இத்தனை ஏற்பாட்டிலும் எந்தப் பெட்டியோடும் சம்பந்தம் வைத்துக்கொள்ளாமல், தம் கைபேசியின் சொந்த டேட்டாவில் சமையலறை ஜன்னலருகே நின்று தொடர் பார்க்கிறார். அங்கேதான் சுவர் இல்லை.

கம்பெனியிலிருந்து வரும் பீகார்ப் பையனுக்கும் மாமாவிடம் அபார பக்தி. மற்ற வீடுகளின் கோளாறுகளைக்கூட அவரிடம் கேட்டுக்கொண்டு போகிறான். போன மாதம் அவன் உற்சாகமாக ஓடிவந்து, பெட்டிக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, சாம்பல் கட்டம் திறந்துவிட்டது, இனி டி.என்.எஸ்ஸை நேராகவே மாற்றலாம், இரண்டாவது ரௌட்டரே தேவையில்லை என்று தெரிவித்தான். மாமா கண்ணாடியை அணிந்துகொண்டு, திறந்து கிடந்த அந்தக் கட்டத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கையை மட்டும் நீட்டவில்லை.

“டீக் ஹை பேட்டா,” என்றார். “ஆர்டர் காப்பி எங்கே?”