இந்த முனையைப் பிடிச்சுக்கிட்டே கேளு

ஏலே, எங்க விறுவிறுன்னு போறே? இங்க வா. கையில என்ன, பேங்க் பைலா? அதைத் திண்ணையில வையி. இந்தா, இந்தப் புளிச்சநார் முனையைப் பிடி. வலப்பக்கமா முறுக்கு. விட்டுராத, விட்டா அம்புட்டும் அவுந்துரும். கயிறு திரிக்க வாடான்னா ஒருத்தனும் வரமாட்டான். புத்தி சொல்றேன் வாடான்னா அதுக்கும் வரமாட்டான். அதான் ரெண்டையும் ஒரே நேரத்துல முடிச்சுக்கிறது.

கல்விக்கடன் சாங்ஷன் ஆயிருச்சாமே? 4 லட்சம்! உங்க அப்பன் டீக்கடையில இருந்தவுக எல்லாருக்கும் வடை வாங்கிக் குடுத்தானாம். இந்த ஊர்ல கடனை அடைச்சவன் வடை வாங்கிக் குடுத்துப் பாத்ததில்ல. கடன் வாங்குனதுக்கு வடை போட்ட மொத ஆளு உங்க அப்பன்தான். நானும் ரெண்டு தின்னேன். அதுக்கும் சேத்து நீதான் வட்டி கட்டப்போறே.

மொகத்தைச் சுளிக்காத. கடன் வாங்குனது தப்புன்னு நான் சொல்லல. நம்ம முக்குல நிக்காரே கந்துக்காரர், அவரு மூணு வட்டி. நூத்துக்கு மாசம் மூணு ரூபா. 2003லயே கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் போட்டாச்சு. சட்டம் சென்னையில இருக்கு, அவரு முக்குல நிக்காரு. உன் பேங்கு வருசத்துக்குப் பத்து சதவீதம்னு வச்சுக்கோ. நம்ம பேச்சுல சொன்னா மாசத்துக்கு நூத்துக்கு 83 பைசா. ஒரு ரூபா வட்டிகூட இல்ல! அதுவும் 4 லட்சம் வரைக்கும் வீடு, காடு எதையும் ஈடு கேக்கக் கூடாது, வேற ஆளோட ஜாமீனும் கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதைத் தாண்டுனா நம்ம கைப்பணமும் நூத்துக்கு அஞ்சு போடணும். ஏழரை லட்சத்தைத் தாண்டுனா சொத்துப் பத்திரம் கேப்பாக. ஏழரைன்னு அந்த எண்ணைத் தேடிப் பிடிச்சு வச்சவன் நம்ம ஊர் ஜோசியனாத்தான் இருக்கணும்.

ஈடு இல்லைன்னதும் உங்க அப்பன் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியுதான். நீ கையெழுத்துப் போட்ட எடத்துக்குப் பக்கத்துல அவனும் ஒண்ணு போட்டானா? அது சாட்சிக் கையெழுத்துன்னு நெனைச்சுக்கிட்டுப் போட்டிருப்பான். இல்லலே, அவனும் கூட்டுக் கடன்காரன். நீ மூணு மாசம் கட்டாம இருந்தா வாராக்கடன்னு எழுதிருவாக. உன் சிபிலோட சேந்து அவன் சிபிலும் படுத்துக்கும். அப்புறம் அவன் டிராக்டருக்கு லோன் கேட்டுப் போனா, கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, உங்க மகன் நல்லாருக்காரான்னு விசாரிப்பாக.

முறுக்குலே, ஏன் நிறுத்துதே?

நேத்து ராத்திரி தூக்கம் வரல. உன் கடனைக் கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். என் கடனா இருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன். வருசத்துக்கு ஒரு லட்சம், நாலு வருசம். படிக்கிற வரைக்கும் கட்ட வேணாம், படிச்சு முடிச்சு இன்னும் ஒரு வருசம் கட்ட வேணாம்னு மேனேஜர் சொன்னாருல்ல? உண்மைதான். கட்ட வேணாம்னுதான் சொன்னாரு, வட்டி கெடையாதுன்னு சொன்னாரா? நீ ஹாஸ்டல்ல குறட்டை விடுறப்பவும் வட்டி முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். மொத வருசம் வாங்குன லட்சத்துக்கு அஞ்சு வருச வட்டி 50,000. அடுத்ததுக்கு நாலு வருசம், 40,000. அப்புறம் முப்பது, அப்புறம் இருபது. கூட்டிப் பாரு, 1,40,000. பட்டம் வாங்கி ஒரு வருசம் ஆனதும் அதைத் தூக்கி அசலோட ஒட்டிருவாக. நீ வாங்குனது நாலு லட்சம், தவணை ஆரம்பிக்கிற அன்னைக்கு 5,40,000. அதுக்கப்புறம் வட்டிக்கும் வட்டி.

பத்து வருசத்துல அடைக்கிறதுன்னா மாசம் 7,136 ரூபா. மொதத் தவணை கட்டிட்டு பாதிக் கடன் தீந்த மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு வருவே. அதுல 4,500 வட்டிக்குப் போயிருக்கும். அசலுக்குப் போனது 2,636. தவணை கனமா இருக்கே சார்னு கேட்டா, பதினஞ்சு வருசமாப் போட்டுக்கோங்க தம்பின்னு அன்பாச் சொல்லுவாக. மாசம் 5,803தான். அப்படின்னா உனக்கு 38 வயசு வரைக்கும், உன் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கேக்கிற வரைக்கும், உன் காலேஜ் ஃபீஸைக் கட்டிக்கிட்டிருப்பே. மொத்தத்துல 1,88,000 கூடுதல். மாசம் 1,300 சொச்சம் மிச்சமாகுதேன்னு சந்தோசப்பட்டதுக்குக் கூலி.

இதுக்கு ஒரு வழி உண்டு. உங்க அப்பனுக்குப் பிடிக்காது. இப்பவே மாசாமாசம் வட்டியை மட்டும் கட்டிக்கிட்டு வரணும். மொத வருசம் மாசம் 833 ரூபா. அது நீ போனுக்கும் புரோட்டாவுக்கும் செலவழிக்கிற காசு. ரெண்டாம் வருசம் 1,667, மூணாம் வருசம் 2,500, அதுக்கு மேல 3,333. உங்க வெள்ளாட்டுக் குட்டியில வருசத்துக்கு ஒண்ணு ரெண்டை உன் பேர்ல நேந்து விடச் சொல்லு. சாமிக்கு நேந்து விடலையா? சாமி வட்டி கேக்கிறதில்ல, இவுக கேப்பாக. இப்படி ஒழுங்காக் கட்டுனா வட்டியில ஒரு சதவீதம் தள்ளுபடி தர்ற பேங்கெல்லாம் இருக்கு. உன்னுதுல உண்டான்னு கேட்டியா? கேக்கலைல்ல. வடை வாங்கப் போயிட்டிய.

அதையும் விடு. வருச வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு, தொழில்படிப்பா இருந்து, காலேஜுக்கு நாக்கோ என்.பி.ஏ.வோ அங்கீகாரம் இருந்தா, அந்தச் சும்மா இருக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். 2009-10லருந்து இருக்கிற திட்டம். நான் சொன்ன 1,40,000 மொத்தமாப் போச்சு! அதுக்குத் தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்று வாங்கிப் பேங்குல குடுக்கணும். உங்க அப்பன் என்ன செஞ்சிருப்பான்? கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கிறப்ப ஆறு லட்சம் வருமானம்னு சொன்ன பழக்கத்துல இங்கயும் சொல்லியிருப்பான். போய்ப் பாரு. பாதியில படிப்பை விட்டாலும் அந்தச் சலுகை போயிரும், அதையும் காதுல போட்டுக்கோ.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்ம ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடத்துல படிச்சப்ப நீ மஞ்சள் பஸ்ல டவுனுக்குப் போனே. டை கட்டி, ஷூ மாட்டி, எனக்கே டாட்டா காட்டிக்கிட்டுப் போனே. இப்ப அந்தப் பிள்ளை ஏழரை சதவீத உள் ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேந்திருக்கு. 2021லருந்து அவுகளுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கம். மேல மாசம் ஆயிரம் ரூபா புதுமைப்பெண் பணம் வேற. அதே ஏழரைதான், அங்க எறங்கி உக்காந்திருக்கு, இங்க ஏறி உக்காந்திருக்கு. உங்க அப்பன் பன்னெண்டு வருசமா டைக்குக் குடுத்த காசு தனி.

என்னைய ஏன் அப்படிப் பாக்கே? எனக்கு எப்படி இம்புட்டும் தெரியும்னா? வருசா வருசம் உங்க பாட்டி சங்கிலியைத் திருப்பி வைக்கப் போறேன்ல, காலையில போனா மதியச் சோத்துக்கு அப்புறம்தான் கூப்பிடுவாக. அந்தப் பெஞ்சுல உக்காந்து கேட்ட பாடம். அதுக்கு ஃபீஸ் கெடையாது.

அதுக்கு முன்னால பட்டறிவும் உண்டு. எண்பதுகள்ல கிராம வளர்ச்சித் திட்டத்துல ஜெர்சி மாடு வாங்கக் கடன் குடுத்தாக. மாட்டுக் காதுல இன்சூரன்ஸ் வில்லை ஒண்ணு, கம்மல் கணக்கா மாட்டிவிட்டாக. மாடு ரெண்டாம் ஈத்துல செத்துப்போச்சு. வில்லை இல்லாம போனா பணம் கெடையாதுன்னுட்டாக. நானே காதை அறுத்து, மஞ்சள் தடவி, பூவரச இலையில மடிச்சு, பஸ் ஏறிக் கொண்டு போனேன். சித்திரை வெயிலு. பக்கத்து சீட்டுக்காரரு ரெண்டு ஸ்டாப்ல எந்திரிச்சுப் போயிட்டாரு. பேங்குல மேசையில பிரிச்சு வச்சேன் பாரு, அன்னைக்கு எனக்கு வரிசை கெடையாது, டோக்கன் கெடையாது. எல்லாரும் வழி விட்டாக.

இன்சூரன்ஸ் பணம் கடனுக்கு வரவாச்சு. மீதியை மிளகாய் வத்தல் வித்து 1989ல நயா பைசா இல்லாமக் கட்டி முடிச்சேன். மறு வருசம், 1990ல, வி.பி.சிங் அரசாங்கம் 10,000 ரூபா வரைக்கும் விவசாயக் கடன் தள்ளுபடின்னு அறிவிச்சிருச்சு. நம்ம மேலத்தெருக்காரரு ஒரு தவணைகூடக் கட்டாதவரு. அவருக்கு மொத்தமும் தள்ளுபடி. உங்க பாட்டி அன்னைக்கு ஆரம்பிச்சா. இன்னும் முடிக்கல.

அதனால கடனை ஒழுங்காக் கட்டுறவன்தான் மனுசன்னு உன்கிட்டச் சொல்ல எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது. தேர்தலுக்குத் தேர்தல் கல்விக்கடன் தள்ளுபடின்னு மைக்குல சத்தம் வரும். உனக்கும் ஆசை வரும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. மேலத்தெருக்காரரு காத்திருந்த காலத்துல கம்ப்யூட்டர் இல்ல. பேங்க்காரரு சைக்கிள்ல வந்தாரு, நாய் கொலைச்சா திரும்பிப் போயிட்டாரு. இப்ப நீ காத்திருக்கிற ஒவ்வொரு மாசமும் பதிவாகும். உன் காதுல கம்மல் மாட்டலையே ஒழிய ஆதாரும் பான் கார்டும் மாட்டியிருக்கு. நீ எந்த ஊர்ல மேஞ்சாலும் தெரியும்.

வேலை கெடைக்கலையா? நோட்டீஸ் வந்ததும் பரண்ல ஒளிச்சு வைக்காத. நேராப் போயி மேனேஜர் முன்னால நில்லு, தவணையை மாத்திக் குடுங்கன்னு கேளு. சொல்லாம ஓடுறவனைத்தான் நாய் விரட்டும். வேலை கெடைச்சுட்டா, கையில துட்டு சேர்றப்பல்லாம் கூடுதலாக் கட்டி அசலைக் குறை. மாறுற வட்டிக் கடன்ல முன்கூட்டிக் கட்டுனா அபராதம் போடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்கே சொல்லியிருக்கு. நீ செய்ய மாட்டே, மொத போனஸ்ல புல்லட்டு வாங்குவே. சரி, வாங்குனா என்னைய ஒரு தரம் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போ.

ம், போதும், முறுக்கு ஏறிருச்சு. முனையை அந்த முளைக்குச்சியில கட்டு. போறதுக்கு முன்னால, பாட்டி பொட்டியில அந்த நகைக்கடன் ரசீது கெடக்கு, எடுத்துட்டு வா. எழுத்து பொடிசா இருக்கு, பத்து வருசமா நான் அதைப் படிச்சுப் பாக்கல. வட்டி எம்புட்டுப் போட்டிருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. மெதுவாச் சொல்லு, அவ அடுப்படியிலதான் இருக்கா.