முழுகாமல் இருக்கும் மாப்பிள்ளை

திருச்சி தில்லைநகரில் மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. ஏதாவது ஒரு மகப்பேறு மருத்துவரின் வரவேற்பறையில் மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். புதிதாகக் கருவுற்றிருக்கும் பெண் யார் என்று கண்டுபிடிப்பது சிரமம். முதல் மூன்று மாதத்தில் வயிறு காட்டிக்கொடுக்காது. பக்கத்தில் இருக்கிற ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், கக்கத்தில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் எலுமிச்சம்பழம். முகத்தில் மசக்கைக் களை. அந்தப் பெண் பாட்டுக்கு விட்டுப்போன சீரியலைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பாள். பெயரைக் கூப்பிட்டதும் வாரிச்சுருட்டிக்கொண்டு முதலில் எழுந்து நிற்பவர் மாப்பிள்ளைதான்.

இவர் புது ரகம். இவருடைய அப்பா காலத்தில் தலைப்பிரசவம் என்றால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தந்தியோ தபால் கார்டோ வரும்வரை மெஸ்ஸில் சாப்பிடுவதுதான் தகப்பனின் பங்கு. நாள் தள்ளிப்போன சேதி மாமியார், நாத்தனார், எதிர்வீட்டு அக்கா என்று ஊர்வலம் முடித்துக் கடைசியில்தான் அவர் காதுக்கு வந்து சேரும். இவரோ சேதி பிறக்கும் முன்பே மருந்துக்கடையில் நிற்கிறார். ஒரு கிட் போதும் என்கிறார் கடைக்காரர். ஐந்து கொடுங்கள் என்கிறார் இவர். முதலாவதில் இரண்டு கோடு. கண்ணை நம்பாமல் இரண்டாவது. மூன்றாவதில் இரண்டாம் கோடு கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறதே என்று மாடியில் வெயிலில் வைத்துப் பார்க்கிறார். ஐந்தாவது கிட் ஜிப் கவருக்குள் போய், பீரோவில் தாலிக்கொடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

கோடு விழும் வசதி அண்மைக்காலத்துச் சமாச்சாரம். 1927இல் ஜெர்மனியில் அஷ்ஹைம், சோன்டெக் என்ற இரு மருத்துவர்கள் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, சில நாள் பொறுத்து எலியை அறுத்துப் பார்த்துத்தான் சேதி சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்கத் தவளை வந்தது. ஊசி போட்டபின் விடிவதற்குள் தவளை முட்டையிட்டுவிட்டால் பெண் கர்ப்பம். தவளைக்கு உயிர்ச்சேதம் கிடையாது, மறுபடியும் வேலைக்கு வரலாம். நம் மாப்பிள்ளை அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ஐந்து தவளை கேட்டிருப்பார்.

மருத்துவர் அட்டையைப் பார்த்து, “அஞ்சு வாரம்” என்கிறார்.

மாப்பிள்ளை விரல் விட்டு எண்ணுகிறார். முகம் மாறுகிறது. “அஞ்சு வாரத்துக்கு முன்னாடி நான் ஹைதராபாத்ல டிரெயினிங்ல இருந்தேனே டாக்டர்?”

மனைவி சீரியலிலிருந்து தலையை நிமிர்த்துகிறாள். அந்த ஒரு பார்வையில் அடுத்த ஒன்பது மாதத்துக்கான வசவு முழுக்க இருக்கிறது. மருத்துவருக்கு இது புதிதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் வாரக் கணக்கு தொடங்கும், ஆகவே முதல் இரண்டு வாரம் வயிற்றில் எதுவுமே கிடையாது என்று விளக்குகிறார். கரு தரித்த நாள் யாருக்கும் துல்லியமாகத் தெரியாது, மாதவிலக்கு நாள் தெரியும், அதனால் இந்த ஏற்பாடு. அங்கிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். வீட்டில் அப்பாயி இதைப் பத்து மாசம் என்பார். கைபேசியிலேயே கணக்குப் போட்டு, ஒன்பது மாசம் சொச்சம்தானே வருகிறது என்று மாப்பிள்ளை அவரிடம் வாதிட்டுப் பார்த்தார். நிலாக் கணக்கில் 28 நாள் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதத்துக்கு 280 நாள். அப்பாயியும் மருத்துவரும் ஒரே கட்சி.

மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லைதான். மறுநாள் டீக்கடையில் சிகரெட்டை வேண்டாமென்றார். அலுவலகத்தில் கேண்டீன்காரரிடம் மாங்காய் ஊறுகாய் பாட்டிலோடு கிடைக்குமா என்று விசாரித்தார். வாட்ஸப்பில் ஸ்டேட்டஸாக ஒரு முளைவிட்ட விதையின் படம், கூடவே கும்பிடும் கை. அன்றைக்கு மாலையே மூன்றாவது மாடி அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒரு அண்ணன் வந்து தோளைத் தட்டி, “எத்தனை மாசம்?” என்றார். “எங்களுக்கு ஆறு வாரம்ணே” என்று இவர் சொன்னதைக் கேட்டு அந்த அண்ணன் ஒருமுறை இவர் வயிற்றையும் பார்த்துக்கொண்டார்.

பிறகு வந்தது ஆப். வாரத்துக்கு ஒரு பழத்தைக் காட்டி, உங்கள் குழந்தை இப்போது இந்த அளவு என்று சொல்லும் ரகம். நாலாவது வாரம் கசகசா, ஐந்தாவது வாரம் எள், இதுவரை வம்பில்லை. ஏழாவது வாரம் ப்ளூபெரி என்று வந்தது. மாப்பிள்ளை அதைக் கண்ணால் பார்த்ததில்லை. காந்தி மார்க்கெட்டில் கேட்டதற்கு நாவற்பழத்தை நீட்டினார்கள். கடைசியில் குளிரூட்டிய பெரிய கடையொன்றில் கைப்பிடியளவு டப்பாவில் கிடைத்தது. விலையைப் பார்த்து ஒரு தடவை வைத்துவிட்டு, வெளியே வந்து, மனசு கேட்காமல் திரும்பப் போய் வாங்கினார். வீட்டில் தட்டில் ஒன்றே ஒன்றை வைத்து, “நம்ம பாப்பா” என்று காட்டினார். மனைவி அதைப் பார்த்ததும் வாஷ்பேசினுக்கு ஓடினாள். அப்பாயி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “களாக்காயத்தனைன்னு சொல்லித் தொலையேன்டா, இதுக்கா இத்தனை காசு?” என்றார். பாப்பாவைத் தின்றுவிட்டீர்களே என்று மாப்பிள்ளை பதறியதை இன்றைக்கும் அந்த வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வாந்தி பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேசவேண்டும். கருவுற்ற பெண்களில் பெரும்பாலோருக்கு அது வருகிறது. ஆறாவது வாரவாக்கில் ஆரம்பித்து, ஒன்பதாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், நாலாம் மாதத்தில் பலருக்கும் அடங்கும். காலையில் மட்டும்தான் வரும் என்பது சினிமாக் கதை. தாளிக்கிற வாசம், பூண்டு, பிரிட்ஜைத் திறந்தால் வரும் குளிர் நாற்றம், எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். மாப்பிள்ளை இதற்கு இஞ்சி, எலுமிச்சை, புளிப்பு மிட்டாய், மணிக்கட்டில் கட்டும் பட்டை என்று ஒரு கடையே பரப்பினார். எதுவும் எடுபடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஏங்க, அந்த செண்டு அடிக்காம வாங்களேன்.” கல்யாணத்தன்றைக்கு அவளே வாங்கித் தந்த செண்டு அது.

“நாங்கள்லாம் பெத்துக்கலையா? எல்லாம் மனசுதான்” என்று உறவுப் பெண்கள் சொல்வது வழக்கம். இதே பேச்சை அமெரிக்க மரபணு ஆய்வாளர் மார்லேனா ஃபெய்சோவும் கேட்டவர். 1999இல் கருவுற்றபோது வாந்தியால் எழுந்து நடக்கவே முடியாமல் படுத்துக் கிடந்தார், அந்தக் குழந்தையை இழந்தார். அவருடைய மருத்துவரே அதைக் கவனம் ஈர்க்கும் நடிப்பு என்றாராம். விடாமல் துருவிய அவரும் அவரது கூட்டாளிகளும் 2023இல் நேச்சர் இதழில் விடை சொன்னார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் தாயின் மூளைக்குப் போய் குமட்டலைத் தூண்டுகிறது. கருத்தரிக்கும் முன் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று அது கூடும்போது பாடு அதிகம். மனசுக்கு இதில் வேலையே இல்லை. மாப்பிள்ளை படித்தவற்றிலேயே உருப்படியான சங்கதி இதுதான். அதை அவர் அத்தைகளிடம் வாசித்துக் காட்டியதற்கு அவருக்கு ஒரு மாலை போடலாம்.

வாந்தி அதிகமென்றால் பிள்ளைக்கு முடி அதிகம் என்பார் அப்பாயி, நெஞ்செரிச்சலுக்கும் அதே பலன். மாப்பிள்ளை மூடநம்பிக்கை என்று சிரித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2006இல் 64 கர்ப்பிணிகளை வைத்து இதைப் பொய்யென்று காட்டப் புறப்பட்டு, நெஞ்செரிச்சல் மிகுந்தவர்களுக்கு முடி அடர்ந்த பிள்ளைகளே அதிகம் பிறந்ததைக் கண்டு வாயடைத்துப் போனார்கள். பப்பாளி ஆகாது என்றதிலும் அப்பாயிக்கு முக்கால் மதிப்பெண் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. பழுத்த பப்பாளியால் கெடுதல் தெரியவில்லை, காயின் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. குங்குமப்பூ தின்றால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றதில் அவர் தோற்றார். பிள்ளையின் நிறத்தை அப்பன் ஆத்தாள் மரபணு தீர்மானிக்கிறது, காஷ்மீர் தீர்மானிப்பதில்லை. ஆனால் அந்தக் குங்குமப்பூவை ரகசியமாக ஆன்லைனில் வாங்கியவர் அப்பாயி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டி ஓட்டுவதில் மாப்பிள்ளை அடியோடு மாறிவிட்டார். அவர் பைக் இப்போது ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர் போகிற வேகத்தில் போகிறது. வேகத்தடை வந்தால் நிறுத்தி, மனைவியை இறக்கி, தாண்டியபின் ஏற்றிக்கொள்கிறார். பின்னால் வரும் டவுன் பஸ் ஓட்டுநர்கள் சொல்வதை இங்கே அச்சிட முடியாது. சிரிக்கலாம்தான். ஆனால் இந்தப் பயத்துக்குள் ஒரு பழைய அநியாயம் ஒளிந்திருக்கிறது. தொடக்க வாரங்களில் கரு கலைந்துபோனால் குடத்தைத் தூக்கினாள், படி ஏறினாள், வண்டியில் போனாள் என்று பழி முழுக்கப் பெண் தலையில்தான் விழும். அப்படிக் கலைவதில் ஏறத்தாழ பாதி, கரு உருவாகும்போதே நேர்ந்த குரோமோசோம் கோளாறால். குடமும் படியும் வேகத்தடையும் அதற்குக் காரணமில்லை. மருத்துவர் இதை மாப்பிள்ளையிடம் சொன்னார். அடுத்த வாரம் அவர் மனைவியை இறக்காமலே வேகத்தடையைத் தாண்டினார், கண்ணை மூடிக்கொண்டு.

இதற்கிடையில் அவருக்கே உடம்பு சரியில்லை. முதுகு வலி, வயிற்றில் சங்கடம், ராத்திரி பதினொரு மணிக்கு மிக்சர் தின்ன ஆசை. மனைவிக்கென்று வாங்கி வந்து அவள் முகர்ந்து ஒதுக்கிய பால்கோவா, அதிரசம், மாம்பழம் எல்லாம் வீணாகக் கூடாதே என்று அவரே முடித்தார். அவளுக்கு எடை இறங்கியது, இவருக்கு ஏறியது. இது ஒன்றும் தனி ஒருவர் கூத்தில்லை. லண்டனில் 2007இல் 282 வருங்காலத் தகப்பன்மாரை ஆராய்ந்ததில் வயிற்று வலி, முதுகு வலி, தீனி ஆசை என்று பலரும் ஒப்பித்திருக்கிறார்கள். நம் பக்கத்துக்கும் இது அந்நியமில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் ஒரு பழைய வழக்கம் பதிவாகியிருக்கிறது. மனைவிக்கு வலி கண்டதும் கணவன் அவள் சேலையை உடுத்தி, நெற்றியில் பொட்டிட்டு, இருட்டறையில் போர்த்திப் படுத்துக்கொள்வான். பிள்ளை பிறந்ததும் பெருங்காயமும் வெல்லமும் கொடுப்பது தாய்க்கல்ல, தகப்பனுக்கு. மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டக் கூடாது. யோசனை வந்துவிடும்.

ஆனால் காரியம் என்று பார்த்தால் இவர் மோசமில்லை. மருத்துவர் தந்த ஃபோலிக் அமில மாத்திரையை ஒருநாள் விடாமல் எடுத்துக் கொடுக்கிறார். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழல், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ளும். பலருக்கு நாள் தள்ளிய சேதியே அப்போதுதான் உறுதியாகிறது. ஆகவே கல்யாணமாகிப் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே இந்த மாத்திரையை ஆரம்பிப்பது உத்தமம். இதன் கதையும் நம் நாட்டில் தொடங்கியதுதான். 1928 தொடங்கி பம்பாய் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ரொட்டியில் தடவித் தின்னும் ஈஸ்ட் பசையால் அது குணமாவதைக் கண்டார். அதிலிருந்த சத்துதான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று தெரியவந்தது.

கர்ப்பத்தைப் பதிவு செய்யவும் மாப்பிள்ளைதான் முன்னால் போனார். பன்னிரண்டு வாரத்துக்குள் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்தால் 12 இலக்க எண் ஒன்று வரும். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் வரை கிடைப்பதும் இந்தப் பதிவை வைத்துத்தான். செவிலியர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். கடைசி மாதவிலக்குத் தேதி, எடை, உயரம், மாமனார் வீட்டில் சர்க்கரை வியாதி யாருக்கு என்பதுவரை.

“உங்க ரத்த வகை என்ன சார்?”

அறை அமைதியானது. மனைவிக்கு ஓ நெகட்டிவ். அப்படியிருந்தால் கணவனின் வகை பாசிட்டிவா நெகட்டிவா என்று தெரிந்தாக வேண்டும். பிள்ளைக்குப் பாசிட்டிவ் ரத்தம் வரக்கூடுமென்றால் தாய்க்கு உரிய நேரத்தில் ஊசி போட வேண்டியிருக்கும். இத்தனை நாளாக நடந்த அமர்க்களத்தில் இவர் உடம்பைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான், அதற்கு இவருக்குப் பதில் தெரியவில்லை. “சாப்பிட்டுட்டு வந்து ரத்தம் கொடுக்கலாமா?” என்று கேட்டார்.

எட்டாவது வார ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்தது. நிமிடத்துக்கு 160 என்றதும் ஏன் இவ்வளவு வேகம் என்று பதறினார், இந்த வயசுக்கு அப்படித்தான் என்றார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்ல மாட்டார்கள் என்று சுவரில் எழுதி வைத்திருப்பதை இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டார்.

இப்படியொரு மாப்பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால் கேலி செய்து விரட்டிவிட வேண்டாம். ப்ளூபெரி வாங்கப் போன காலை அடுப்படிப் பக்கம் திருப்பிவிடுங்கள். தாளிக்கிற வாசம் ஆகாதவள் வீட்டில் ரசம் வைக்க ஒரு ஆள் வேண்டும், பாத்திரம் தேய்க்க ஒரு ஆள் வேண்டும். கற்றுக்கொள்ள அவகாசம் தாராளமாக இருக்கிறது. எட்டு வாரம்தான் போயிருக்கிறது, இன்னும் 32 வாரம் பாக்கி.