நாத்தமா, என் வண்டியிலா?

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். சர்க்கார் வேலையில் ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் ஒரு பிஒய்-01 வண்டி வாங்கி, வேப்பமரத்தடியில் நிறுத்தி, தினம் காலையில் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் தெருவில் அவர் வாசனை சார்.

காரணம் தெரிய வண்டிக்குள் ஏற வேண்டும். முன் கண்ணாடியில் தொங்குவது எலுமிச்சை. டேஷ்போர்டில் மல்லிகை ஜெல். ஏ.சி. வாயில் கிளிப் போட்டு லாவெண்டர். பின்சீட்டுப் பையில் ஆசிரமத்து ஊதுவத்தி, கொளுத்தாமலே. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மச்சினர் கொடுத்துப் போன சென்ட்டில் பாதி சீட் உறைக்குள் போய்விட்டது. போனட்டுக்குள் எலிக்குப் பயந்து புகையிலையும் பாச்சை உருண்டையும். இந்தப் படையை எல்லாம் விலக்கிக்கொண்டு, ஏ.சி. போட்ட முதல் நிமிடத்தில் வரும் பாருங்கள் ஒரு வாடை! மூன்று நாள் வாளியில் மறந்துபோன ஈரத்துணி மாதிரி.

"ஏ.சி. எப்படி? கொடைக்கானல்தானே?" என்பார். நீங்கள் மூக்கைத் தேய்ப்பீர்கள். அவர் அதைப் பார்த்துவிடுவார்.

"அது மீன் மார்க்கெட்டு. இந்த எடத்துல அப்படித்தான்."

மார்க்கெட் பின்னால் போய்விடும். வாடை கூடவே வரும். நோணாங்குப்பத்தில் பாலம் ஏறும்போது, "சுண்ணாம்பாறு சார், தண்ணி வத்திச்சின்னா சேறு வீசும்" என்பார். தவளக்குப்பத்தில் முன்னால் போகும் கருவாட்டு வண்டி. லாரிதான் போகிறது, அதில் ஜல்லிதான் இருக்கிறது என்றாலும் அவருக்கு அது கருவாடு. கிருமாம்பாக்கத்தில் எவனோ குப்பை கொளுத்துகிறான். முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்குப் பெரிய நிம்மதி. அதற்குமேல் எது வந்தாலும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை தலையில் போட்டுவிடலாம். சிப்காட்டை ஒட்டிய கிராமத்து மக்கள் 2004 வாக்கிலேயே எந்த வாடை எந்த நேரத்தில் வந்தது என்று மோந்து பார்த்து எழுதிவைக்கப் பழகியவர்கள். அவர்களில் ஒருவரை இந்த வண்டியில் ஏற்றினால் சிப்காட் நிரபராதி என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

மழைக்காலத்தில் சாருக்கு இந்தச் சிரமமே இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழையைக் கொட்டிவிட்டுப் போனதல்லவா, அன்றிலிருந்து எல்லாமே "புயல் வாடை". பழி போட இன்னும் ஒரு இடம் பாக்கி: பக்கத்திலேயே பழைய துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டினார். ரோமாபுரிச் சாடிகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமல்ல, புளிக்கவைத்த மீன் சாறும் வந்திறங்கியதாக ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நல்லவேளை, இது சாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பழியை ரோமாபுரிவரை கொண்டுபோயிருப்பார்.

ஒருநாள் சாரின் பேத்தி பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். வீட்டம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். சார் வண்டியைக் கடலூர் ரோட்டு மெக்கானிக்கிடம் விட்டார்.

அந்தப் பையன் வண்டியைத் தொடவில்லை. வைத்தியர் மாதிரி முதலில் கேள்வி கேட்டான்.

"போட்டவொடனே வீசிட்டுக் கொறையுதா சார், இல்ல ஓட ஓட ஏறுதா?"

"வீசல தம்பி. மல்லிப்பூ வாசனதான்."

"வெல்லப்பாகு மாதிரி இனிச்ச வாட வருதா? கண்ணாடில பிசுபிசுன்னு ஒட்டுதா?" அப்படியிருந்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிகிறது. "ஒயர் கருகுற வாட? பெட்ரோல் வாட?" அந்த இரண்டில் எது வந்தாலும் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும், வேறு வைத்தியம் கிடையாது.

எதற்கும் சார் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் இடப்பக்கக் கதவைத் திறந்து மிதியடியைத் தூக்கிக் காட்டினான். அடியில் கார்ப்பெட் ஈரம். ஏ.சி. ஓடும்போது கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும். அது ஒரு ரப்பர் குழாய் வழியே ரோட்டில் சொட்ட வேண்டும். குழாய் மண்ணடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், காயிலில் பூஞ்சை பிடிக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

பிறகு கிளவ் பாக்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து ஃபில்டரை உருவினான். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். மடிப்புக்கு மடிப்பு வேப்பஞ்சருகு, நாலைந்து வேப்பங்கொட்டை, சீட்டு ஸ்பாஞ்சைக் கொறித்துக் கட்டிய சின்னக் கூடு. கூட்டுக்குள் எலி இல்லை. ஆனால் குடித்தனம் நடந்ததற்கு எல்லா அடையாளமும் இருந்தது. கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாச்சை உருண்டை, தலையணை மாதிரி.

"எப்ப சார் மாத்துனீங்க?"

"இப்படி ஒன்னு இருக்குதா என்னா?"

சில நூறு ரூபாயில் புது ஃபில்டர் வந்தது. குழாயில் காற்றடித்தான், காயிலுக்கு மருந்து நுரை அடித்துக் கழுவினான். கார்ப்பெட்டை வெயிலில் காயப்போட்டான். "வீடு வர்றதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடியே ஏ.சி.ய அணைச்சிட்டு ஃபேன மட்டும் ஓட வுடுங்க. காயில் காஞ்சிடும். வேப்பமரத்தடியில நிறுத்தாதீங்க, அந்த உருண்டையும் வேணாம்" என்றான். வருஷத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றச் சொன்னதையும் சேர்த்து, அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் சார் தலையாட்டினார்.

மறுநாள் ஏ.சி. போட்டால் வெறும் குளிர்ச்சி. சாருக்கு அது பிடிக்கவில்லை. "வண்டி மொட்டையா இருக்குது சார், ஒரு களையே இல்ல" என்று புலம்பிவிட்டு நேரு வீதிக்குப் போய் சந்தன ஜெல் இரண்டு வாங்கி வந்தார்.

அவர் லிஃப்ட் கொடுத்தால் தாராளமாக ஏறுங்கள். நல்ல மனுஷன், நிதானமாகத்தான் ஓட்டுவார். ஜன்னலை மட்டும் இறக்கிவிடாதீர்கள், வெளிநாத்தம் உள்ளே வந்துவிடும் என்று கோபித்துக்கொள்வார்.