பஜரோ உயர்த்தல்: வாவிக்கரை மணலில் ஓர் ஆயத்த ஆய்வு

இரண்டாம் தலைமுறைப் பஜரோ ஒன்றை இரண்டு அங்குலம் உயர்த்துவதற்கு வீட்டு வளவில் செய்யவேண்டிய ஆயத்தங்களே இவ்வாய்வின் பொருள். ஆயத்தம் மட்டும்தான். உயர்த்துவதைப் பற்றி எழுத ஆய்வாளருக்கு இன்னும் தகுதி வரவில்லை.

ஆய்வின் தேவை வாவியின் அக்கரையான படுவான்கரையில் தொடங்குகிறது. மனைவி வழிக் காணி கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே போகப் பாதையில் ஏறுவதே வழக்கமாக இருந்தது. பாதை என்பது இந்த ஊரில் தண்ணீரில் மிதந்து வாகனங்களை அக்கரை சேர்ப்பது என்பதை வெளியூர் வாசகர் அறிக. பாலம் வந்தபின் அந்தப் பாதை போயிற்று. ஆனால் மாரி வந்தால் வட்டை வழியும் வாவியும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த நாலு மைல் வழிக்காகத்தான் இந்த இரண்டு அங்குலம்.

முன்னோர் ஆய்வுகளை நோக்கினால், தண்ணீரோடு பிணக்கு வந்தபோது இவ்வூரார் இரண்டு மரபுகளைக் கைக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று உயர்த்தல் மரபு. மற்றது தாழ்த்தல் மரபு: 56 கிலோமீற்றர் வரை நீளும் வாவியில் வெள்ளம் முட்டும்போது முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிவிடுவது. வெட்டினால் வாவி கடலுக்குள் இறங்கும். வட்டைகளிலும் நீர் வடியத் தொடங்கும். இதில் யாரும் எதையும் உயர்த்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எப்போது வெட்டுவது என்பதில் வேளாண்மைக்காரருக்கும் வலை வீசுகிறவருக்கும் உள்ள கருத்து வேறுபாடு தனி ஆய்வுக்குரியது. ஆய்வாளருக்கு இருசாராரிலும் உறவினர் இருப்பதால் அதற்குள் இறங்கப்போவதில்லை.

உயர்த்தல் மரபின் மூலநூல் மாட்டு வண்டி. அதன் சில்லு ஆளின் நெஞ்சுயரம் வரும். அச்சு அதன் நடுவில் இருப்பதால் தரையிலிருந்து எட்டியே நிற்கும். இதன் முழு அர்த்தம் நமது கராஜ் பாஸ் வாயைத் திறந்தபோதுதான் விளங்கியது.

"மனே, ரெண்டு அங்குலம் தூக்கினா எது உயரும் எண்டு தெரியுமா?"

"வாகனம்."

"வாகனத்தில எது?"

பஜரோவின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக நீண்ட உருக்குக் கம்பி சேசியோடு ஓடுகிறது. அதன் முறுக்குத்தான் வாகனத்தைத் தாங்குகிறது. கம்பியின் பின் முனையிலுள்ள போல்ட்டை ஒரு சில சுற்றுத் திருகினால் மூக்கு எழும்பும். பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங். அதற்கு நீளமானது போடவேண்டும், அல்லது இடையில் துண்டு வைக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் பம்பர் உயரும், கதவுப்படி உயரும், வயிறு உயரும். பின் டிபரன்சல் மட்டும் மயிரிழை அளவும் உயராது. ஏனென்றால் அது அச்சோடு இருக்கிறது, அச்சு சில்லோடு இருக்கிறது, சில்லு சேற்றோடு இருக்கிறது. வட்டை வழியில் முதலில் நிலத்தில் முட்டுவது அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் ஓர் அங்குலம் கிடைக்கும். வண்டில்காரர் ஸ்பிரிங்கே போடாமல் கண்டுபிடித்த உண்மை இது. மாமாவும் இதைத்தான் வேறு மொழியில் சொன்னார்:

"உதுக்கு உழவு மெசினில போனா என்ன மருமகன்?"

இந்த எதிர்வாதம் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று தள்ளுபடி செய்யப்பட்டது. கிரானுக்கு அப்பால் புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறும் நாட்களில் சனம் உழவு மெசினிலும் படகிலும்தான் போய்வருகிறது என்ற தரவும் அவ்வாறே.

அடுத்தது அளவீடு. வேலைக்கு முன் ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட்டின் விளிம்புவரை அளந்து எழுதிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னர் எவ்வளவு உயர்ந்தது என்று சண்டைதான் மிஞ்சும். நான்கு அளவுகளும் நான்கு விதமாக வந்தன. முன் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் பதிந்திருந்தது. இந்நாட்டில் சாரதி அமர்வது வலப்பக்கம். இருபது வருடமாக ஒரே சாரதி. இந்த மாறியைப் பற்றி மேலும் எழுத ஆய்வாளரின் மனைவி ஆர்வமாக உள்ளார்.

இனி ஜக் பரிசோதனை. எங்கள் கல்லடி வளவின் மணலில் ஜக்கை வைத்துக் கைப்பிடியை அழுத்தினோம். ஜக் நீண்டது; வாகனம் அசையவில்லை. மேலும் அழுத்தினோம். ஜக்கின் அடி மணலுக்குள் விரலளவு, பிறகு நாலு விரலளவு போயிற்று. வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்று நியூட்டன் சொன்னது சரி. ஆனால் அவர் கல்லடியில் ஜக் வைத்துப் பார்க்கவில்லை. பழைய சிலிப்பர் கட்டைகள் இரண்டைத் தேடிப்பிடித்துக் கீழே போட்ட பிறகே பஜரோ முதன்முறையாக மேல்நோக்கிச் சிந்தித்தது. ஜக்கில் நிற்கும் வாகனத்தின் கீழே ஒருவரும் படுக்கக்கூடாது. இரும்புத் தாங்கிகளை வைத்து, ஜக்கை இறக்கி, பாரம் தாங்கியில் உட்கார்ந்த பிறகே தலையை உள்ளே விடலாம். இவ்வாய்வில் பகிடியில்லாத வரி இதுவொன்றே.

போல்ட் விடயத்தில் எதிரி வாவிக்காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர். இடையில் கிடக்கும் இரும்பு நட்டையும் போல்ட்டையும் ஒரே பொருளாகக் கருதத் தொடங்கிவிடுகிறது. முதல் நாள் ஆய்வாளர் ஸ்பெனரில் ஒரு குழாயை மாட்டித் தொங்கினார். பாஸ் தடுத்தார்.

"உப்புப் பிடிச்சதுக்குப் பலம் காட்டப்படாது. டீசல் பூசி ரெண்டு நாள் விடு. மறுகா முதல்ல கொஞ்சம் இறுக்கு, பிறகு தளத்து."

தளர்த்துவதற்கு முதலில் இறுக்கவேண்டும் என்பது தத்துவம் போலத் தோன்றினும் துரு உடைவதற்கான வழிதான். ஆறு நாள் மாலை மாலையாகக் கம்பிப் பிரஷும் டீசலுமாகப் பூசை நடந்தது. ஏழாம் நாள் ஒரு போல்ட் 'டிக்' என்றது. அது கழன்ற சத்தமா முறிந்த சத்தமா என்பதில் அறிஞரிடையே கருத்தொருமை இல்லை.

பிரேக் குழாய் நீளம் போதுமா, முன் விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்குமா, சில்லுகளை எங்கே போய் நேர் பார்ப்பது என்பன எஞ்சிய கேள்விகள். அவற்றைத் தொடுமுன் ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது.

மூன்றாம் நாள் ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அயலில் இரண்டு கார்களின் கால்மிதி மிதந்தது. சில்லில்லாமல் நாலு தாங்கியில், சிலிப்பர் கட்டைகளின் மேல் நின்ற பஜரோவின் உட்தளம் மட்டும் உலர்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு அரிசி மூடையும் ஒரு தையல் மெசினும் கொண்டுவந்து பின் இருக்கையில் ஏற்றினார். அவருடைய அடைக்கோழி முன் இருக்கைக்குத் தானாக வந்தது. முகத்துவாரம் வெட்டியாயிற்று என்று செய்தி வந்து, தண்ணீர் வடிந்து, மூடைகளும் வீடு திரும்பின. கோழி மட்டும் முட்டைகளோடு சாரதி ஆசனத்தில் இருக்கிறது.

"எப்ப மருமகன் இறக்கப் போறீங்க?" என்று மாமா கேட்கிறார். குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.